யார் நிறுத்துவது என்று சொல்லாத வாக்கியம்

உங்களுக்கு முதல் நாளே ஒரு கையேட்டைத் திறந்து காட்டியிருப்பார்கள். சிப் தயாரித்தவர்கள் எழுதியது, நூற்றுக்கணக்கான பக்கம். எந்த ரெஜிஸ்டரில் என்ன எண் எழுதினால் சிப் என்ன செய்யும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் இருக்கும். நான் சொல்ல வந்தது, இல்லாமல் போன ஓர் இடத்தைப் பற்றி.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கடைசிப் பன்னிரண்டு வருடம் பூச்சோங்கில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே மாடியில்தான் இருந்தேன். செய்த தவறுகளையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் மதிய உணவு நேரம் போதாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த ஒன்றில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை.

காது மந்தமானவர்களுக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். மேலே இரண்டே பட்டன்கள், கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று. காது மந்தமானவர்களின் சங்கம் ஒன்று பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவந்தது. அவர்களுக்கு இருநூறு கருவிகள் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானில் அவற்றைக் கொடுக்கும் விழாவுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது. பந்திங்கிலிருந்தும் கேரி தீவிலிருந்தும் ஆட்களை ஏற்றிவர பஸ் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்பே பத்துக் கருவிகளைப் பத்துப் பேரிடம் கொடுத்து, அன்றாட வாழ்க்கையில் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தோம்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெருமாள் அங்கிள். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இயந்திரச் சத்தத்திலேயே காது போனது. கருவி எதற்கு வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தோம். எல்லோரும் பேரப்பிள்ளைகள், தொலைக்காட்சி என்று எழுதியிருக்க, அவர் மட்டும் ‘கோயில் கமிட்டி கூட்டத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிய வேண்டும்’ என்று எழுதியிருந்தார்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு, திங்கட்கிழமை, அவர் அலுவலகத்துக்கு நேரில் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றிக் கருவியை வைத்திருந்தார். அதை என் மேசையில் வைத்துவிட்டு உரக்கச் சொன்னார்.

“குறைச்சா கத்துதும்மா. சத்தம் அதிகமா இருக்குன்னு குறைச்சேன். அப்படியே காதுக்குள்ள அறைஞ்ச மாதிரி கத்திருச்சு. கழட்டி எறிஞ்சிட்டேன். ரெண்டு நாளு காதுல ஙொய்ங்னு ஒரே சத்தம்.”

காதுக்குச் சேதம் வராதபடி உச்ச வரம்பு ஒன்றைக் கருவியில் தனியாக வைத்திருந்தோம். அதனால் அவர் செவிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் மருத்துவப் பரிசோதனையிலும் அது உறுதியானது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது. தெரியாத நிலையிலும் நான் என்ன செய்தேன் என்பதைக் கேளுங்கள்.

கருவியைச் சோதனை அறைக்குக் கொண்டுபோனேன். ஒலி அளவைக் கூட்டினேன், குறைத்தேன். ஓர் இருபது தடவை செய்திருப்பேன். ஒழுங்காக வேலை செய்தது. திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் படிக்க வசதியாகத் தாளில் எழுதிக் காட்டினேன்: ‘கருவி நன்றாக இருக்கிறது. தவறுதலாக மற்ற பட்டனை அழுத்தியிருப்பீர்கள்.’

அவர் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

“எனக்குப் பிளஸ் மைனஸ் தெரியும்மா,” என்றார். இந்த முறை அவர் குரல் தாழ்ந்திருந்தது. “கிரேன்ல ஏத்துறது எது எறக்குறது எதுன்னு தெரியாமயா இத்தன வருஷம் ஓட்டுனேன்?”

பிஸ்கட் டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கருவி என் மேசையிலேயே கிடந்தது. அவருக்கு அவமானம் நேர்ந்தது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் என் மனம் முழுக்கச் சனிக்கிழமையில் இருந்தது. இருபது தடவை சோதித்திருக்கிறேனே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மென்பொருளை எழுதியவளும் நான்தான் என்பதை மட்டும் அந்தச் சமாதானத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு இரண்டு மேசை தள்ளி யாழினி உட்கார்ந்திருந்தாள். சேர்ந்து இரண்டாவது வருடம். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை என் முன்னால் கைத்தொலைபேசியை நீட்டினாள். பெருமாள் அங்கிளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு கேள்வி: ‘அங்கிள், அந்த நேரத்தில் உங்களைச் சுற்றி என்ன சத்தம் இருந்தது?’

பதில் வந்திருந்தது: ‘கோயில் பூஜ. மேளம் ஆரம்பிச்சாங்க. அதான் கொறச்சேன்.’

“அக்கா, நாம சோதிக்கிற ரூம்ல சத்தமே இல்லல,” என்றாள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி அந்தச் சிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு ரெஜிஸ்டர்கள். ஒன்றில் பயனர் வைத்துக்கொள்ளும் ஒலி அளவு. இன்னொன்றில், சுற்றுப்புறத்தில் சத்தம் கூடினால் தானாகக் கழிக்க வேண்டிய அளவு. சிப் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வரும் விடையைத்தான் காதுக்கு அனுப்பும் அளவாக எடுத்துக்கொள்ளும். பயனர் இருபது வைத்திருக்கிறார், கழிக்க வேண்டியது எட்டு என்றால் பன்னிரண்டு. சிக்கலே இல்லை. பயனர் ஐந்துக்குக் குறைத்துவிட்டார், மேளச் சத்தத்துக்காகக் கழிக்க வேண்டியது எட்டு என்றால் என்ன ஆகும்?

அதற்கும் கையேட்டில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘கீழ் எல்லையைத் தாண்டும் விடைகள் எல்லையிலேயே நிறுத்தப்பட வேண்டியவை.’ ஆங்கிலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். அதைப் படித்த அன்று, சிப் நிறுத்திக்கொள்ளும் என்று நான் புரிந்துகொண்டேன். ‘அப்படி வடிவமைத்திருக்கிறோம்’ என்று அவர்கள் எனக்குத் தந்த உறுதியாக எடுத்துக்கொண்டேன். அதே வாக்கியத்தை ‘நிறுத்துவது உங்கள் பொறுப்பு’ என்று எனக்கு இட்ட கட்டளையாகவும் படிக்கலாம். யார் நிறுத்துவது என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

இதில் எனக்கு இன்னும் வலிக்கும் ஒன்று உண்டு. அரை வருடம் முன்பு, என் நிரலை எல்லோரும் உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில், யாழினி இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். “நிறுத்துறது யாருக்கா? சிப்பா, நாமளா?” நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அதெல்லாம் சிப்பே பாத்துக்கும்லா,” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அவள் தலையாட்டினாள். என் குரலில் இருந்த உறுதியை நம்பியிருக்கிறாள். அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். அதற்கு முன் நான் பயன்படுத்திய சிப்கள் எல்லாம் தாமாகவே நிறுத்திக்கொண்டவை.

செவ்வாய்க்கிழமை அவள் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது, அந்தக் கூட்டத்தை நினைவுபடுத்த அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவள் நினைவுபடுத்தவில்லை. “மேளத்துக்கு எங்கக்கா போறது?” என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் வன்பொருள் பொறியாளர் ஹாபிஸ் காதில் அது விழுந்தது. கிள்ளானில் வளர்ந்தவன், தமிழ் நன்றாகப் புரியும், பதில்தான் மலாய் கலந்து வரும், அக்காவும் ‘காக்’ ஆகிவிடும். “காக், கார்ல கொம்பாங் இருக்கு,” என்றான். மலாய்க் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைக்கு முன்னால் அடித்துக்கொண்டு போவார்களே, அந்தக் கைப்பறை. அவன் ஒரு குழுவில் வாசிப்பவன். “மேளம் இல்ல, ஆனா சத்தம் போதும். போலே? செய்யலாமா?”

கூட்ட அறையில் கருவியை மேசை மீது வைத்தோம். காதுக்குப் போகும் வயரை அளக்கும் கருவியில் செருகினோம். யாழினி ஒலி அளவை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். ஹாபிஸ் முதலில் மெதுவாகத்தான் அடித்தான். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. பிறகு உள்ளங்கையால் ஓங்கி நான்கு அடி. கோடு ஒரே தாவலில் திரையின் உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த அறையிலிருந்து யாரோ கதவைத் திறந்து, “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டார்கள். அந்தக் கோடு பெருமாள் அங்கிளின் காது என்று எனக்குத் தோன்றியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன்.

பழைய காரின் கிலோமீட்டர் எண்களைப் பின்னோக்கிச் சுழற்றினால், பூஜ்யத்துக்கு அடுத்து ஒன்பதுகளாக வந்து நிற்கும் அல்லவா? அதேதான். ஐந்திலிருந்து எட்டைக் கழித்ததும் பூஜ்யத்தில் நிற்காமல், சுற்றி மேலே ஏறி 253-க்குப் போய்விட்டது. உச்சம் 255.

இது சிப் எப்போதும் செய்வதா, இந்த ஒரு சிப்பின் கோளாறா என்று தெரிய வேண்டும். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். ‘எல்லைக்குக் கீழே போனால் சிப் நிறுத்துமா?’ என்று கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது: குறிப்பிட்ட பக்கத்தைப் பார்க்கவும். அதே பக்கம், அதே வாக்கியம்.

யாழினி என் கடிதத்தைப் படித்துவிட்டு, “எண்ணக் கேப்போமாக்கா?” என்றாள். அவள் எழுதிய கடிதம் மூன்று வரி. ‘ஒலி அளவு 5. கழிக்க வேண்டியது 8. இப்போது சிப் எடுத்துக்கொள்ளும் எண் 0-ஆ, 253-ஆ?’ புதன்கிழமை காலை பதில் வந்தது. ‘253. நிறுத்துவது உங்கள் மென்பொருளின் வேலை.’ ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியில் எதிராளி ஒளிந்துகொள்ள இடமுண்டு. எண்ணைக் கேட்டால் ஒன்று எண் வரும், இல்லாவிட்டால் தெரியாது என்று வரும். ஓய்வு பெறும்வரை அந்த வழக்கத்தை நான் விடவில்லை. சந்தேகம் வந்த ஒவ்வொரு முறையும் அவளுடைய அந்த மூன்று வரியைப் போலவே எழுதினேன்.

திருத்தம் மிகச் சின்னது. கழிப்பதற்கு முன் நாமே சரிபார்த்து, பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்றால் அங்கேயே நிறுத்துவது. அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். அந்தச் சின்னத் திருத்தம்தான் எனக்கு ஆபத்தான ஆசையைக் கொடுத்தது. மூன்று நாள் இருக்கிறது, இருநூறு கருவியிலும் புதிய மென்பொருளை ஏற்றிவிடலாம், விழாவும் நடந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஹாபிஸும் ஏற்றிவிடலாம் என்றான். ஏற்றிவிடலாம்தான். ஆனால் சத்தத்துக்கு நடுவில் வைத்து ஒவ்வொன்றையும் சோதிக்க நேரம் கிடையாது. போன தடவையும் என் நம்பிக்கையை மட்டும் வைத்துத்தான் அனுப்பினேன்.

மேலாளர் பாலன் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். வாக்கியத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, “எழுதுனவங்க மேலயும் தப்பு இருக்கு விமலா,” என்றார். எனக்கு நீட்டிய கை அது. பிடித்துக்கொண்டிருக்கலாம்.

“இருக்கு,” என்றேன். “ஆனா யாழினி அப்பவே கேட்டா. நான்தான் பதில் தெரியாமயே பதில் சொல்லிட்டேன். அத அறிக்கையில போடணும். சனிக்கிழமை குடுக்க வேண்டாம்.”

அவர் நெடுநேரம் பேனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். பஸ், மண்டபம், வரப்போகும் விருந்தினர் எல்லாம் அவர் கண்ணில் ஓடியிருக்கும். “சங்கத்துக்கு நீங்களே சொல்லிடுறீங்களா?” என்று கேட்டார். வியாழக்கிழமை காலை நானும் யாழினியும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினோம்.

சங்கத்தின் செயலாளர் ஜெயந்தி அம்மா. அவருக்கும் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். “என்னப் பாத்து மெதுவா பேசுங்க,” என்றார். அப்படி ஒருவரின் கண் நம் உதட்டிலேயே இருக்கும்போது மழுப்ப முடியாது. சொற்கள் தாமாகவே குறைந்துவிடுகின்றன. நான் படித்த விதம் தவறு, பெருமாள் அங்கிளின் காதில் சத்தம் அறைந்தது, சனிக்கிழமை கருவி வராது, மூன்று வாரம் வேண்டும். நான்கே விஷயம். சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. ஒன்று கேட்டார்.

“பெருமாள் வந்து சொன்னப்ப நம்புனீங்களா?”

“இல்லம்மா. பட்டன மாத்தி அழுத்திருப்பார்னு எழுதிக் குடுத்தேன்.”

“சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு ஒரு காது கேக்காத ஆளு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க,” என்றார் ஜெயந்தி அம்மா. “எனக்கும் நடந்திருக்கு. அத மாத்துங்க, போதும். பஸ்ஸுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

படியிறங்கும்போது யாழினி, “அக்கா, சாப்பிடலாமா?” என்று கேட்டாள். வாழையிலைக் கடையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். பாதியில் நான் அவளிடம், அந்தக் கூட்டத்தில் நான் அப்படிப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “நானும் இன்னொரு தடவ கேட்டிருக்கணும்க்கா,” என்றாள். அது என் தவறைக் குறைப்பதற்காகச் சொன்னதல்ல. தனக்காகச் சொல்லிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கேள்வியையும் ஒரு தடவையோடு விட்டு நான் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே கிள்ளானுக்கு, பெருமாள் அங்கிள் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று நான் எழுதிக் காட்டினேன்: ‘நீங்கள் அழுத்தியது சரியான பட்டன்தான். தவறு என்னுடையது.’ அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “திருத்துனதும் மொதல்ல எனக்குத்தான் குடுக்கணும்,” என்றார். “மேளத்துக்குப் பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

சொன்னபடியே செய்தார். இரண்டு வெள்ளிக்கிழமை மேளக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஒலி அளவும் கழிக்கும் அளவும் சேரக்கூடிய எல்லா ஜோடிகளையும் எழுதி அளந்தோம். இருநூறு கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கொம்பாங் முன் வைத்தோம். ஹாபிஸின் உள்ளங்கை சிவந்து, கடைசி நாட்களில் அவன் குழுவிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்து உதவினார்கள். சிப் தயாரித்தவர்களும் கையேட்டின் அடுத்த பதிப்பில் அந்த வாக்கியத்தை மாற்றினார்கள். ‘சிப் நிறுத்தாது, உங்கள் மென்பொருள் நிறுத்த வேண்டும்’ என்று இப்போது இருக்கிறது. நீங்கள் படிப்பது அந்தப் பதிப்பைத்தான்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்து மணிக்கு விழா. பஸ்கள் வந்தன. ஒவ்வொருவருக்கும் கருவியைக் கொடுத்து, மாட்டிவிட்டு, பட்டன்களைக் காட்டினோம். நான் முன்வரிசையில், கேரி தீவுத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மாட்டிவிட்டுக் குனிந்து நின்றிருந்தேன். எஸ்டேட்டில் செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை என்றார். ஐம்பது வயது இருக்கும்.

அப்போது மண்டபத்து வாசலில் உறுமி மேளம் ஆரம்பித்தது.

விருந்தினரை வரவேற்க யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இருபது பேர் அடித்துக்கொண்டே மண்டபத்துக்குள் வந்தார்கள். தரை அதிர்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாகக் கைகள் சட்டைப் பைகளுக்குப் போயின. எல்லாக் கட்டைவிரல்களும் ஒரே நேரத்தில் குறைக்கும் பட்டனை அழுத்தின. இருநூறு பேர். சுவரோரம் நின்ற யாழினி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எந்தக் கையேடும் எனக்கு உதவாது.

யாரும் துள்ளவில்லை. யாரும் கழற்றி எறியவில்லை.

என் முன்னால் இருந்த அம்மாவும் குறைத்துக்கொண்டே போனார். அடிமட்டம் வரை போனார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புருவம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் மெல்ல இடம் மாறி மற்ற பட்டனுக்குப் போனது.

“ரொம்பக் கம்மியாயிருச்சு,” என்றார். “கொஞ்சம் கூட்டிக்கிறேன். மேளம் கேட்டு எத்தன வருஷமாச்சு.”